நீர்ப்பூட்டும் நிலுவைக் கடனும்

புறக்கோட்டைக்குச் சாமான் வாங்கப் போகிறவர்களுக்கு வாவியையோ கால்வாயையோ நின்று பார்க்க நேரம் இருப்பதில்லை. பஸ் நெரிசல், நாட்டாமிமாரின் கைவண்டிகள், வழிவிடச் சொல்லும் கூச்சல், பேரம் பேசும் சத்தம் ஆகிய இவற்றுக்கிடையே மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகும் ஒரு பச்சைத் தண்ணீர்தான் நமக்குப் பேர வாவி. அந்தத் தண்ணீரை ஒரு காலத்தில் பூட்டிவைத்தும் திறந்துவிட்டும் பிழைப்பு நடத்தினார்கள் என்றால் நம் பிள்ளைகள் சிரிப்பார்கள். தண்ணீருக்குப் பூட்டா என்று கேட்பார்கள்.

பூட்டு உண்டு. வாவியின் தண்ணீர் கடலைவிட உயரத்தில் நிற்கிறது. வாவிக்கும் துறைமுகத்துக்கும் இடையே வெறும் வாய்க்காலை வெட்டிவிட்டால் வாவித் தண்ணீர் முழுவதும் கடலுக்கு ஓடிவிடும். ஆகவே இரண்டுக்கும் நடுவே கருங்கல்லால் ஒரு தொட்டி கட்டி, அதன் இரு முனைகளிலும் கதவு போட்டார்கள். வாவியிலிருந்து வரும் வள்ளம் தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவைச் சாத்துவார்கள். பிறகு முன்பக்கத்துச் சிறு மதகைத் திறப்பார்கள். தண்ணீர் மெல்ல மெல்ல வடியும். தண்ணீரோடு வள்ளமும் இறங்கும். வெளித் தண்ணீரின் மட்டத்துக்கு வந்ததும் முன்கதவைத் திறந்து வள்ளத்தை விடுவார்கள். உள்ளே வரும் வள்ளத்துக்கு இதே வேலை தலைகீழாக நடக்கும். வள்ளத்தை ஏற்றவும் இறக்கவும் எந்திரம் வேண்டியதில்லை. உயரத்தில் இருக்கும் தண்ணீர் தானாகவே அந்த வேலையைச் செய்துவிடும்.

இந்தக் கதவுகளில் ஒரு விசேஷம் உண்டு. இரண்டு இறக்கைகளும் நேர்கோட்டில் மூடாமல், உயர்ந்த தண்ணீரை நோக்கிக் கூம்பி, ஒன்றோடொன்று சாய்ந்து மூடும். உயரத் தண்ணீரின் பாரமே கதவை இறுக்கி வைக்கும். மட்டம் வேறுபட்டிருக்கும்வரை பத்துப் பேர் சேர்ந்து தள்ளினாலும் அது அசையாது. மட்டம் ஒன்றானதும் ஓரிருவர் தள்ளினால் போதும்.

தேயிலை, இறப்பர், தேங்காயெண்ணெய், காரீயம் என்று நம் நாட்டின் செல்வம் எல்லாம் வாவிக்கரைக் களஞ்சியங்களிலிருந்து இவ்வழியாகத்தான் கப்பலுக்குப் போனது. துறைமுகப் பக்கத்து நீர்க்கதவு இன்றும் 1907 முதல் 1913 வரை தேசாதிபதியாக இருந்த மக்கலத்தின் பெயரைத் தாங்கியிருக்கிறது. மறுபக்கத்தில் களனி ஆற்றை நோக்கிச் செல்லும் கால்வாய்க்குப் புனித செபஸ்தியாரின் பெயர். ஆற்றைக் கடந்தால் 1802க்கும் 1804க்கும் இடையே வெட்டப்பட்ட ஹமில்டன் கால்வாய் வழியாக நீர்கொழும்புக்கும், அங்கிருந்து புத்தளத்துக்கும் வள்ளத்திலேயே போய்வரலாம். ரயிலும் லொறியும் வந்தபின் இந்த வள்ளங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின.

எங்கள் கொட்டாஞ்சேனைப் பங்கில் ஒரு பெரியவர் இருந்தார். இளமையில் சரக்கு வள்ளத்தில் மூட்டை அடுக்கியவர். ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் மதிலில் சாய்ந்துகொண்டு பழைய கதை சொல்வார். ஒருநாள் சொன்னார்: "பூட்டுக்குள்ளே வள்ளம் இறங்கிறது எங்களுக்குத் தெரியாது தம்பி. சுவர்தான் மேலே மேலே போகிற மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே ஒரு துண்டு வானம் மட்டும்தான்."

2014 ஓகஸ்டில் புறக்கோட்டையில், பஸ் நிலையத்தை அடுத்த பழைய வள்ளக் கால்வாயில், மிதக்கும் சந்தை திறக்கப்பட்டது நினைவிருக்கலாம். தண்ணீரின்மேல் கடைகள், விளக்குகள், நடைபாலங்கள். ஊரெல்லாம் போய்ப் பார்த்தது. பெரியவரும் பேரப்பிள்ளைகளோடு போனார். திரும்பி வந்தவர் வழக்கத்துக்கு மாறாக மௌனமாக இருந்தார். கேட்டபோது சொன்னார்: "வடிவாத்தான் செய்திருக்கிறாங்கள். பேரன் கேட்டான், தாத்தா இந்த வாய்க்கால் ஆர் வெட்டினது, எதுக்கு என்று. எனக்கு வாய் வரவில்லை, தம்பி. நான் அழுத இடத்தில அவன் ஐஸ்கிறீம் சாப்பிடுறான். அது சந்தோஷமா, துக்கமா என்று எனக்கே தெரியவில்லை."

சில ஆண்டுகளில் அந்தச் சந்தை கவனிப்பாரற்றுப் போனதும், தண்ணீர் மறுபடி நாறியதும் வேறு கதை. பெரியவரின் கேள்வி என்னை விடவில்லை. ஒரு தலைமுறை வியர்வையும் கண்ணீரும் சிந்திய இடத்தில் அடுத்த தலைமுறை களிக்கிறது. அந்தக் களிப்பு தவறா? தவறில்லையென்றால் களிப்பவர்களுக்கு ஏதும் கடன் உண்டா? உண்டென்றால் யாருக்கு?

இலண்டனில் இருக்கும் என் மருமகன் சென்ற வருடம் ஒரு படம் அனுப்பியிருந்தான். வெள்ளை வெளேரென்ற உல்லாசப் படகுகள் வரிசையாக நிற்க, நடுவில் அவன் குடும்பம். பின்னால் பழைய செங்கற் கட்டடங்கள். கீழே 'புனித கத்தரீன் மெரினா' என்று எழுதியிருந்தான். மெரினா என்றால் நமக்குச் சென்னைக் கடற்கரைதான் நினைவுக்கு வரும். மேனாட்டார் அச்சொல்லால் குறிப்பது வசதி படைத்தவர்கள் தங்கள் உல்லாசப் படகுகளைக் கட்டிவைக்கும் துறையை. படத்தின் ஓரத்தில் ஒரு நீர்ப்பூட்டு தெரிந்தது. அதே கூம்பிய கதவு! எனக்குச் செபஸ்தியார் கால்வாய் நினைவுக்கு வந்தது. பிறகு அந்த இடத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

தேம்ஸ் ஆறு கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஆறு. இலண்டன் கோபுரத்தருகே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர்மட்டம் ஏறத்தாழ 6 அல்லது 7 மீற்றர் ஏறி இறங்குகிறது. பூட்டு இல்லையென்றால் உள்ளே நிற்கும் படகுகள் வற்றுநேரத்தில் சேற்றில் குந்திவிடும். ஆகவே உயர்நீருக்குச் சுமார் 2 மணி நேரம் முன்பிருந்து ஒன்றரை மணி நேரம் பின்புவரை மட்டுமே அந்தப் பூட்டு படகுகளுக்குத் திறக்கும். எவ்வளவு பெரிய கோடீசுவரனாக இருந்தாலும் கடல் சொல்லும் நேரத்துக்குத்தான் வீடு திரும்பலாம். இதைப் படித்தபோது எனக்குச் சிறிது திருப்தியாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

புனித கத்தரீன் என்ற பெயர் எப்படி வந்தது? 1147இல் இங்கிலாந்தின் மெத்தில்டா அரசி, இறந்துபோன தன் இரு பிள்ளைகளின் ஆன்ம இளைப்பாற்றிக்காக அவ்விடத்தில் ஒரு கோவிலும் ஏழைகளைப் பராமரிக்கும் இல்லமும் நிறுவினாள். இறந்தவர்களுக்காகச் செபிப்பதும் உயிரோடிருக்கும் ஏழைகளைப் பேணுவதும் அங்கே ஒரே வேலையாக நடந்தன. நூற்றாண்டுகள் சென்றன. சமயப் பிளவுக்குப் பின் அது ஆங்கிலிக்கன் கைக்குப் போனாலும் நிறுவனம் நிலைத்தது. அதைச் சுற்றி ஒடுங்கிய சந்துகளில் ஏழை எளியவர்கள் குடியேறினார்கள். 1825இல் பாராளுமன்றம் அவ்விடத்தில் கப்பற்றுறை வெட்ட அனுமதி கொடுத்தது. கோவில் உட்பட ஏறத்தாழ 1,250 வீடுகள் இடிக்கப்பட்டன. ஏறத்தாழ 11,300 பேர் வெளியேற்றப்பட்டனர். வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு நட்டஈடு கிடைத்தது. இல்லத்தை நடத்திய நிறுவனத்துக்குப் பெருந்தொகையும் நகரின் வேறொரு நல்ல பகுதியில் புதுக் கட்டடங்களும் கிடைத்தன. வாடகைக்கு இருந்த ஏழைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தோண்டிய மண்ணைத் தோணிகளில் ஏற்றி மேற்கே பிம்லிக்கோவுக்குக் கொண்டுபோய், அங்கே பணக்காரர் மாளிகை கட்டத் தாழ்நிலத்தை உயர்த்தினார்கள். எளியவன் நின்ற மண்கூட அவனுக்கு மிஞ்சவில்லை.

தோமஸ் டெல்போர்ட் என்ற புகழ்பெற்ற பொறியியலாளர் வரைந்த அந்தத் துறை 1828 ஒக்டோபர் 25இல் திறக்கப்பட்டது. தேயிலை, சர்க்கரை, வாசனைத் திரவியம், யானைத் தந்தம் எல்லாம் அதன் களஞ்சியங்களில் குவிந்தன. வேலை செய்தவர்கள் பெரும்பாலும் நாட்கூலிகள். விடியற்காலையில் துறைவாசலில் கூட்டமாக நிற்பார்கள். அன்றைக்குத் தேவைப்படும் ஆட்களை மேற்பார்வையாளன் விரல் நீட்டித் தெரிவான். தெரியப்படாதவன் பசியோடு திரும்ப வேண்டும். இதைப் படிக்கும்போது எனக்கு யோவான் நற்செய்தியில் வரும் பெத்சதா குளத்து நோயாளிதான் நினைவுக்கு வந்தார். தண்ணீர் கலங்கும்போதெல்லாம் வேறொருவன் முந்திக்கொள்ள, இறக்கிவிட ஆளில்லாமல் முப்பத்தெட்டு ஆண்டுகள் கரையிலேயே கிடந்தவர் அவர். நம் ஆண்டவர் அந்தக் கூட்டத்தில் முந்தி ஓடுகிறவனைத் தேடவில்லை. பிந்திப்போனவனிடம் போய் நின்றார்.

1889 ஓகஸ்டில் அந்தத் தொழிலாளர்கள் பொறுமை இழந்தார்கள். மணிக்கு ஐந்து பென்ஸ் கூலியை ஆறு பென்ஸாக்கு, கூப்பிட்டால் குறைந்தது நான்கு மணி நேர வேலையாவது கொடு என்று கேட்டு இலண்டன் துறைமுகம் முழுவதும் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்களுள் ஐரிஷ் கத்தோலிக்கர் ஏராளம். இரு தரப்புக்கும் நடுவே நின்று சமரசம் செய்ய முன்வந்தவர்களுள் முதன்மையானவர் கர்தினால் மானிங். அப்போது அவருக்கு வயது 81. தள்ளாத வயதில் துறைமுகச் சேரியான பொப்லருக்கு நேரே போய், அங்கேயிருந்த கத்தோலிக்கப் பாடசாலையொன்றில் வேலைநிறுத்தக் குழுவினரோடு மணிக்கணக்காகப் பேசினார். செப்டெம்பர் நடுவில் உடன்பாடு ஏற்பட்டது. ஆறு பென்ஸ் கிடைத்தது. இரண்டு ஆண்டுகளுக்குள், 1891இல், பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளி சம்மதித்துவிட்டான் என்ற ஒன்றினாலேயே ஒரு கூலி நீதியான கூலியாகிவிடாது என்று அதில் திருச்சபை உலகறியச் சொன்னது.

நம் கொழும்பிலும் அப்படித்தான். துறைமுகத்தின் அலைதடுப்பு அணைக்கு 1875இல் அடிக்கல் நட்டவர் வேல்ஸ் இளவரசர் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். அந்த அணைக்கு வேண்டிய கல்லை மகரையில் உடைத்தவர்கள் சிறைக்கைதிகள் என்பதை எத்தனை பேர் அறிவோம்? துறைமுகத் தொழிலாளர் 1927இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். துறைமுகச் சரக்குக் கையாளும் வேலை தனியார் கையிலிருந்து அரச கூட்டுத்தாபனத்துக்கு வந்தது 1958இல். அதற்கு முன்னர் மூட்டை சுமந்தவர்களில் பலர் மலையாளக் கரையிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் வந்து கொட்டாஞ்சேனைத் தோட்டங்களில் நெருங்கிக் குடியிருந்தவர்கள். நம் கோவில்களில் அவர்கள் பின்வரிசையில் முழந்தாளிட்டார்கள்.

இனிக் கேள்விக்கு வருவோம்.

பழைய துறை உல்லாசத் துறையாவதில் தவறு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. புனித கத்தரீன் துறை 1968இல் மூடப்பட்டது. பெரிய கப்பல்கள் அந்தச் சிறு பூட்டுக்குள் நுழைய முடியாது. கொள்கலன்களின் காலத்தில் அதற்கு வேலையில்லை. 1970களில் அதைப் படகுத்துறையாக மாற்றியிராவிட்டால் மண் போட்டு மூடியிருப்பார்கள். பூட்டும் போயிருக்கும். வாளைக் கலப்பைக்கொழுவாக அடிப்பதை இறைவாக்கினர் எசாயா நல்ல கனவாகத்தான் காண்கிறார். பாரம் சுமந்த இடம் இளைப்பாறும் இடமாக மாறுவது அந்தக் கனவுக்கு அடுத்த வீடு. உழைத்தவனும் தன் பேரன் தன்னைப்போல் முதுகு வளைய வேண்டும் என்று ஆசைப்படுவதில்லை. பெரியவரின் கண்ணில் பட்டது துக்கம் மட்டுமல்ல என்பதை நான் பார்த்தேன்.

வேறு சிலர் இன்னும் ஒருபடி மேலே போவார்கள். செத்தவர் செத்தார், செய்தவரும் செத்தார், நமக்கென்ன என்பார்கள். இதற்கும் வேத ஆதாரம் காட்டலாம். தகப்பன் புளித்த திராட்சையைத் தின்றால் பிள்ளையின் பல் கூசும் என்ற பழமொழியை இனிச் சொல்லக்கூடாது என்று எசேக்கியேல் வழியாக ஆண்டவர் கண்டித்தார் அல்லவா? ஆம், பாவம் வழிவழியாக இறங்காது. 1825இல் வீடுகளை இடித்த கம்பனிக்காரரின் குற்றம், இன்று அங்கே படகு கட்டியிருக்கும் மனிதரின் குற்றமல்ல. என் மருமகனின் குற்றம் நிச்சயமாக அல்ல; அவன் படம் பிடிக்கப் போனவன்.

ஆனால் பாவம் வேறு, கடன் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் ஒருசாரார் காரணமில்லாமல் மனச்சாட்சி குத்தித் தவிக்கிறார்கள், மறுசாரார் காரணமில்லாமல் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். நம் நாட்டுச் சட்டத்தைக் கேளுங்கள். நம் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். தகப்பன் இறந்தால் அவன் செய்த களவுக்கு மகனைச் சிறையில் போடமாட்டார்கள். ஆனால் தகப்பனின் ஆதனத்தைப் பங்கிட வந்தால், முதலில் அந்த ஆதனத்தின் கடனைத் தீர்த்துவிட்டு மிச்சத்தைத்தான் எடுக்கலாம். வீட்டை எடுத்தவன் ஈட்டையும் எடுக்கவேண்டும். வேண்டாமென்றால் வீட்டையும் விட்டுவிட வேண்டும். வீடு மட்டும் எனக்கு, ஈடு செத்துப்போனவரோடு என்று சொல்ல எந்த நீதவானும் விடமாட்டார்.

1981 செப்டெம்பரில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் மனித உழைப்பைப்பற்றி எழுதிய சுற்றுமடலில் இதற்கு நெருங்கிய ஒரு சிந்தனை இருக்கிறது. முதல், எந்திரம், தொழிற்சாலை என்று நாம் சொல்லும் எல்லாமே நமக்கு முன்னிருந்தவர்களின் உழைப்பிலிருந்து வந்தவை, அவர்களின் உழைப்புப் பரம்பரைச் சொத்தாக நம் கைக்கு வந்து சேர்கிறது என்கிறார் அவர். இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு நீர்ப்பூட்டைப் பாருங்கள். அந்தக் கருங்கல்லை அடுக்கியவன் போய்விட்டான். அவன் அடுக்கியது நிற்கிறது. படகு ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் அவன் கை மறுபடி வேலை செய்கிறது. கூலியில்லாமல் செய்கிறது. நம் பழைய விசுவாச அறிக்கையில் அர்ச்சிஷ்டவர்களுடைய சமுதீதப் பிரயோசனம் என்று மனப்பாடமாகச் சொன்னோமே, அதை நான் பரலோகத்தோடு மட்டும் சம்பந்தப்பட்டதாக வெகுகாலம் நினைத்திருந்தேன். இறந்தவர்களின் உழைப்பின் பலனை உயிரோடிருப்பவர் நாள்தோறும் உண்பதும் அந்த உறவில் ஏதோ ஒரு வகையில் சேராமற் போகுமா?

சரி, கடன் உண்டு என்று வைத்துக்கொள்வோம். கடன் கொடுத்தவர் கல்லறையில். அதுவும் பெயரில்லாத கல்லறையில். யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?

சக்கேயு இதற்கு வழி காட்டுகிறார். தாம் ஏமாற்றியவர்களுக்கு நான்கு மடங்கு என்றார். அவர்களை அடையாளம் காணலாம். ஆனால் அதற்கு முன்பே தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்கு என்றார். ஆளைத் தெரிந்தால் ஆளுக்கு; தெரியாவிட்டால் அவன் நின்ற இடத்தில் இன்று நிற்பவனுக்கு. அப்படியானால் அந்த இடத்தில் இன்று நிற்பவன் யார்? செபஸ்தியார் கால்வாய்க் கரையிலும், வாவியைச் சுற்றிய தோட்டங்களிலும் குடியிருந்த குடும்பங்கள் நிற்கின்றன. 2010க்குப் பிறகு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அவ்வாறான இடங்களிலிருந்து நகரின் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. புது வீட்டில் குழாய் உண்டு, மின்சாரம் உண்டு, வெள்ளம் ஏறாது. நன்மை இல்லை என்று சொல்ல நான் தயாரில்லை. ஆனால் பலர் விரும்பிப் போகவில்லை. பலரிடம் 10 இலட்சம் ரூபாய் அளவில் தவணைப் பணமும் கேட்கப்பட்டது. கைவண்டி தள்ளுகிறவனுக்கும் இடியாப்பம் அவித்து விற்கிறவளுக்கும் பன்னிரண்டாம் மாடியில் என்ன வியாபாரம்?

அரசன் ஆகாபுகூட நாபோத்துக்கு வேறு நல்ல திராட்சைத் தோட்டம் தருவதாக, அல்லது விலை தருவதாகச் சொன்னான். ஆரம்பத்தில் அது நியாயமான பேச்சுத்தான். தனக்கு ஒரு மரக்கறித் தோட்டம் வேண்டும், நாபோத்தின் நிலம் அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். முன்னோர் விட்ட நிலத்தைத் தரமாட்டேன் என்று நாபோத்து மறுத்த பிறகுதான் மற்றக் கொடுமை நடந்தது. வேதம் ஆகாபைக் குற்றஞ்சாட்டுவது நட்டஈடு போதாது என்பதற்காக அல்ல. மறுக்கும் உரிமை எளியவனுக்கும் உண்டு என்பதை அவன் ஒப்புக்கொள்ளவில்லை. புனித கத்தரீனில் 11,300 பேரிடமும் யாரும் வாய்திறந்து கேட்கவில்லை. நம்மிடத்தில் கேட்டார்களா என்பதை அவரவர் மனச்சாட்சிக்கு விடுகிறேன்.

காலிமுகத்தை ஒட்டிக் கடலில் 269 ஹெக்டயர் நிலம் எழும்பியிருக்கிறது. 2014இல் தொடங்கி, இடையில் நின்று, 2019 தொடக்கத்தில் நிரப்பும் வேலை முடிந்தது. அத்திட்டத்தில் ஓர் உல்லாசப் படகுத்துறையும் உண்டு. அதற்குக் கடலடி மணல் எடுத்தபோது நீர்கொழும்புப் பக்கத்து மீனவரும் அவர்களோடு நம் குருக்கள் சிலரும் எதிர்த்து நின்றார்கள். அவர்கள் கேட்டது அபிவிருத்தி வேண்டாம் என்றல்ல. எங்கள் வலைக்கு என்ன பதில் என்று. கொழும்பு நகரமே மற்றவன் தண்ணீரைத் தனக்கு வேலியாக்கிய கதையோடுதான் வளர்ந்தது. பேர வாவியைப் போர்த்துக்கேயர் பெருக்கியது கோட்டைக்கு அரணாக. ஒல்லாந்தர் காலத்தில் அதே தண்ணீர் நடுவே அடிமைகளை இரவில் அடைத்துவைத்தார்கள். தப்பி நீந்தினால் முதலை பிடிக்குமாம். அந்த இடம் நெடுங்காலம் 'அடிமைத் தீவு' என்றே வழங்கியது. நாம் கொம்பனித்தெரு என்போம். அந்த வாவியில் இன்று நம் பிள்ளைகள் அன்னப்பட்சிப் படகு மிதிக்கிறார்கள். மிதிக்கட்டும். ஆனால் வாவிக்கு முதலில் அரண் வேலையும் அடிமை வேலையும் இருந்தன என்பதைத் தெரிந்துகொண்டு மிதிப்பதால் பிள்ளைகளின் சந்தோஷம் குறைந்துவிடுமா? குறையாது என்றே நினைக்கிறேன். வீட்டில் இறந்த தாத்தாவின் படத்துக்கு முன்னால்தானே நாம் நத்தார் விருந்து சாப்பிடுகிறோம்.

நம்மவர்க்கும் ஒரு வார்த்தை. புனித கத்தரீன் நிறுவனம் அப்போது கத்தோலிக்கருடையது அல்ல என்று சொல்லி நாம் தப்பிக்கொள்ள வேண்டாம். செபத்துக்கும் ஏழைகளுக்குமாக எழுப்பப்பட்ட ஒரு வீடு, பணமும் நல்ல இடமும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. அதன் நிழலில் இருந்த ஏழைகள் தெருவில் நின்றார்கள். சிந்திக்கவேண்டியது அது. கோவில் நிலத்தில் குடியிருப்பவர், கோவில் மதிலோரம் பெட்டிக்கடை வைத்திருப்பவர் நம் பங்குகளிலும் இல்லாமலில்லை. மண்டபம் கட்டும் திட்டம் வரும்போது குழுக் கூட்டத்தில் அவர்களுக்கு ஒரு கதிரை போடுகிறோமா? எங்கள் பங்கில் ஒருமுறை போடவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன், பேசவில்லை.

நீர்ப்பூட்டைப்பற்றி முன்னே சொல்லாமல் விட்ட ஒன்றை இங்கே சொல்லவேண்டும். பூட்டு ஒவ்வொரு தடவை வேலை செய்யும்போதும் உயரத்திலுள்ள தண்ணீரில் ஒரு தொட்டியளவு கீழே போய்விடும். மேலே உள்ளவர் ஒன்றும் இழக்காமல் மட்டம் சமப்படாது. இதனால்தான் புனித கத்தரீனில் இழந்த நீரை ஆற்றிலிருந்து இறைத்து நிரப்ப நீராவி எந்திரம் வைத்தார்கள். ஆகவே துறை நடத்துகிறவனுக்கு ஒவ்வொரு திறப்பும் செலவுதான். அவன் அதைத் தொழிலின் செலவென்று கணக்கில் எழுதினான்; தர்மம் என்று எழுதவில்லை. நம் பிள்ளையின் பிறந்தநாளுக்கு அநாதை இல்லத்தில் ஒரு நேரச் சாப்பாடு கொடுக்கிறோமே, நல்ல பழக்கம்தான். ஆனால் அதைத் தர்மக் கணக்கில் எழுதுகிறோம். நாட்டாமிக்குப் பேசிய கூலியில் இருபது ரூபாய் குறைத்துக்கொடுத்ததை இலாபக் கணக்கில் எழுதுகிறோம். இரண்டும் வேறு புத்தகங்களில் இருப்பதால் நாம் ஒருபோதும் கூட்டிப்பார்ப்பதில்லை. கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே ஆண்டவரின் செவியில் கூக்குரலிடும் என்ற கருத்தை யாக்கோபு தம் திருமுகத்தில் எழுதியபோது பெரிய கம்பனிகளை மட்டும் மனத்தில் வைத்திருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

புறக்கோட்டை என்ற பெயருக்குக் கோட்டைக்கு வெளியே என்பதே பொருள். உள்ளே இருந்தவர்கள் இட்ட பெயராகத்தான் இருக்கும். ஆண்டவரும் நகர வாயிலுக்கு வெளியேதான் பாடுபட்டார் என்று எபிரேயர் திருமுகம் நினைவுபடுத்துகிறது. புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிறவர் சிலுவைப்பாதையின் ஐந்தாம் தலத்தில் வருகிற சீரேனே ஊர்ச் சீமோனைப்போல. அவரையும் யாரும் விருப்பம் கேட்கவில்லை. வழியில் வந்தவரைப் பிடித்துப் பாரத்தை ஏற்றினார்கள்.

பெரியவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமானார். மாதம்பிட்டியில் அடக்கம் செய்தோம். நவம்பர் மாதம் சகல ஆன்மாக்கள் பூசைக்கு வீட்டிலிறந்தவர்களின் பெயரை எழுதிக்கொடுக்கும் பட்டியலில் சென்றமுறை அவர் பெயரை எழுதினேன். எழுதிவிட்டு, அவர் அடிக்கடி சொல்லும் தோழர்களையும் சேர்க்க நினைத்தேன். ஒருவர் பெயரும் வரவில்லை. அவர் பட்டப்பெயர்களில்தான் சொல்வார். ஆகவே 'செபஸ்தியார் கால்வாயில் வள்ளத் தொழில் செய்தவர்கள், பெயர் தெரியாது' என்று எழுதிக் காணிக்கையோடு கொடுத்தேன்.

காரியாலயத்தில் இருந்த பிள்ளை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "அங்கிள், இந்த ஆட்கள் உங்களுக்கு என்ன உறவு? உறவுமுறை எழுத ஒரு பத்தி இருக்கே."

"கடன்காரர் என்று போடுங்கோ மகள்."

"அவையள் உங்களுக்குக் கடனா, நீங்கள் அவையளுக்கா?"

"நான்தான் அவையளுக்கு."

அவள் சிரித்துவிட்டு, 'நண்பர்கள்' என்று எழுதிக்கொண்டாள்.